மீதி

சாப்பிட்டபின் அரை மணி நேரம்
தண்ணீர் கூடாது.
பத்து வருடமாக என் போனில்
அந்த மணி அடிக்கிறது.
அடித்ததும் "ஜெசிந்தா மேடம், தண்ணி" என்பார்
பக்கத்து சீட் தணிகாசலம்.
அதுவரை, மே மாத மதியத்தில்,
ஃபேன் அனலை அள்ளிக் கொட்டக் கொட்ட
பாட்டிலைப் பார்த்துக்கொண்டே
பில் போடுவேன்.

நூற்றி இருபத்தெட்டு கிலோவாக உள்ளே போனவள்.
ஒன்றரை வருடத்தில் அறுபத்தொன்பது.
பெரம்பூர் மார்க்கெட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள்.
சுகரா என்றாள் ஒருத்தி.
வேற ஏதாச்சுமா என்று
குரலைத் தாழ்த்தினாள் இன்னொருத்தி.
இப்போது எண்பத்து மூன்று.
இப்போது யாரும் கேட்பதில்லை.
ஆரோக்கியம் எடை மெஷினைக்
கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார்.
பெருக்கும்போது துடைப்பம் இடித்தால்
இருட்டில் ஒரு சிவப்புப் பூஜ்யம்
எரிந்து அணையும்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி.
தினமும் ஒரு இரும்பு மாத்திரை, ஒரு சுண்ணாம்பு மாத்திரை,
இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.
வயிற்றில் தொங்கும் தோலை
பாவாடைக்குள் மடித்துச் செருகுகிறேன்,
சாமான் இறக்கிய மஞ்சப்பையை
மடித்து வைப்பதுபோல.

போன மாதம் அயனாவரத்தில் நாத்தனார் மகள் கல்யாணம்.
மூன்று வாய் பிரியாணி, போதும்.
நாலாவது என் தப்புதான்.
ஆட்டுக்கறி, சரியாக மெல்லவில்லை.
கை கழுவும் இடத்துக்குப் பின்னால்
சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
எச்சில் நுரைத்து நுரைத்து வந்தது.
திரும்பி வந்தால், இலையைப் பார்த்தபடி
பரிமாறுகிறவர் நிற்கிறார்:
"ஏம்மா, உப்பு கம்மியா?"
இல்லண்ணே, நல்லா இருக்கு.
நிஜமாகவே நல்லா இருந்தது.
அதுதானே தொல்லை.

புரசைவாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில்
அன்று ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள்.
"ரெண்டு பேர் காசு ஆகும் பாப்பா" என்றான் டிரைவர்,
சும்மா, விளையாட்டாக.
அவள் கையில் நோட்டு
ஏற்கெனவே இரண்டாக மடித்துத் தயாராக இருந்தது.
எனக்கு அந்த மடிப்பு தெரியும்.
உட்கார்ந்ததும் தோளைக் குறுக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அந்த மூச்சும் தெரியும்.
என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
திரும்பி என்னைப் பார்த்தாள்,
இடம் போதவில்லை என்று சண்டைக்கு வரப்போகும்
இன்னொரு ஆன்ட்டியைப் பார்ப்பதுபோல.
டவுட்டனில் இறங்கிவிட்டேன்.
சில்லறை வாங்க மறந்து.

அன்றைக்கு வெட்டி எடுத்ததை
ஸ்டீல் தட்டில் வைத்து
ஆரோக்கியத்திடம் காட்டினார்களாம்.
எப்படி இருந்தது என்று
பத்து வருடத்தில் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன்.
"சாதாரணமாத்தான் இருந்துச்சு" என்பார்.
பிறகு அதை எங்கே கொண்டுபோனார்கள்
என்று மட்டும் அவருக்குத் தெரியாது.
முப்பத்தாறு வருடம்
நான் போட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டது.
தேர்வில் தோற்ற அன்று தின்ற ஆறு பரோட்டா,
அம்மாவை அடக்கம் செய்த இரவு
அடுப்படியில் நின்றுகொண்டே தின்ற குண்டான் சோறு.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நவம்பர் இரண்டு. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம்.
விட்டு விட்டுத் தூறல்.
அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு இரண்டு,
சின்னத்தம்பிக்கு ஒன்று.
பாக்கெட்டில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம்.
அம்மா கல்லுக்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவே
பெயரில்லாத ஒரு சாண் சேற்றில்
ஊன்றிப் பற்ற வைத்தேன்.

"இது யாருக்கு?" என்றார் ஆரோக்கியம்.

நான் பதில் சொல்வதற்குள்
மழை வலுத்துவிட்டது.
அவர் குடையைத் தாழ்த்தி
அந்தச் சுடருக்குப் பிடித்தார்.
நான் நனைந்துகொண்டு நின்றேன்.